அம்சவேணி கட்டிய கட்டு

“இன்னொரு தடவ திருடின்னு சொன்னீன்னா, அந்தக் கொடத்துத் தண்ணிய உன் தலையிலயே கவுத்துருவேன் பாப்பாத்தி” என்றேன்.

“கவுத்துங்க. இன்னும் குளிக்காமத்தான் இருக்கேன்” என்றாள் அவள். குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து அவள் மறுபடி ஆரம்பித்தாள். “நான் என்ன பொய்யாங்க்கா சொல்றேன்? ஆரஞ்சு கலர் ஒயரு. உங்க ஊட்டு முன்னாடி கொடி கட்டி, அதுல உங்க பேத்தி ராதிகா பாவாடை காஞ்சுதே, நாங்க பாக்கலீங்களா? காலேஜ் ஒயரு மலைக்கு எப்படி வந்துச்சு, நடந்தா வந்துச்சு? அந்த ஒயரை வித்த பாய் பையனுக்கும் உங்க மருமவளுக்கும் அப்படி என்ன பேச்சு? கோடி ரூவா மிசினக் கெடுத்துட்டு, கேக்க ஆளு வர்றதுக்குள்ள அவனோட எறங்கிப் போயிட்டா. ஊரே சொல்லுது.”

“ஊருன்னா ஆரு? நீயும் உன் கொடமுமா?”

அன்றைக்கு அவ்வளவுதான் பேச முடிந்தது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, எல்லோரும் கலைந்துவிட்டார்கள். வாயால் பேசினால் குழாயடியோடு போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதவைக்கிறேன். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் என் வீட்டு வாசலில் நடந்தது பாப்பாத்தியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒயர் வந்தது உண்மை. அதை விற்ற நவ்ஷாத்தோடு பேச்சு உண்டு என்பதும் உண்மை. மிஷின் நின்றது உண்மை. அதை நிறுத்தியது என் மருமகள் அம்சவேணியின் கைதான் என்பதும் உண்மை. ஊரார் இந்த நாலையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து ஒரு பொய் செய்திருக்கிறார்கள். நவ்ஷாத் சேந்தமங்கலம் கடைவீதியில் இன்றைக்கும் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பஸ் ஏறிப் போனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவன் மேல் ஒரு கேசும் இல்லை. அம்சவேணி காலேஜ் வேலையை விட்டு, இப்போது திருச்சியில் ஒரு கம்பெனிக்காரரிடம் ஒயர் இழுக்கும் வேலையில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து மகளுக்குத் தலை சீவிவிட்டுத்தான் போகிறாள். அது பாப்பாத்தியின் கண்ணில் மட்டும் படவில்லை.

அவள் ஏன் இறங்கிப் போனாள் என்பதற்கு முன்னால், அவள் யார் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பைல் நாட்டிலிருந்து எங்கள் ஆலத்தூர் நாட்டுக்கு வாழ வந்தவள். என் மகன் தமிழ்செல்வனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலில் ஒரு விறகுக் கட்டு கிடந்தது, அதைப் பார்த்தேன். எங்கள் மலையில் விறகும் வாழைத்தாரும் தலையில்தான் இறங்கும். ஆள் நிற்கவே வழியில்லாத சரிவில், தலைச்சுமையில் ஒரு குச்சி உருவினால் மற்றதெல்லாம் சரியும், சரிகிற சுமை ஆளையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போகும். அப்படிப் போனவர்கள் உண்டு. அதனால் நாங்கள் கட்டும் விதம் வேறு. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு சின்னக் கழியைச் செருகி, முழங்காலால் சுமையை அமுக்கிக்கொண்டே கழியைத் திருக வேண்டும். கயிறு கிறீச்சென்று கத்தும். கத்திய பிறகு இன்னும் ஒரு திருகு. அந்தக் கடைசித் திருகில்தான் நூறு குச்சியும் ஒரே மரமாகும்.

அந்த வாசலில் கிடந்த கட்டைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். ஒரு சுள்ளி அசையவில்லை.

“இது ஆரு கட்டுனது?”

“நான்தானுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்போதே தேங்காய் உடைக்கச் சொல்லிவிட்டேன்.

படித்த பெண். பன்னிரண்டாவது முடித்து, நாமக்கல்லில் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணமாகி ராதிகா பிறந்து நாலு வருஷம் அந்தப் படிப்பு சும்மா கிடந்தது. மிளகு பறித்தாள், மரவள்ளி பிடுங்கினாள். எங்கள் மிளகை வாங்க இருபது வருஷமாக மலையேறி வருகிறவர்கள் ஹாஜிரா பீவியும் அவர் வீட்டுக்காரர் யாக்கூப் பாயும். பாய் காலமான பிறகும் அந்த அம்மா தனியாக வந்துகொண்டிருந்தார். அவர் மகன் நவ்ஷாத் மிளகு மண்டியில் பாதியைத் தடுத்து, கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்தான். கீழே ஓர் இஞ்சினியரிங் காலேஜுக்கு அவன்தான் சரக்குக் கொடுப்பது. அங்கே லேபில் ஆள் வேண்டும் என்று தெரிந்ததும், “உங்க மருமவ படிச்சிருக்குல்ல, அனுப்புங்கம்மா” என்று சொல்லிவிட்டதும் அவன்தான். இரண்டாயிரத்தொன்று ஆடி மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவாள், வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஏறி வருவாள். நடுவில் காலேஜ் விடுதியில் படுக்கை. பிள்ளை என்னோடு.

அந்த லேபில் அர்த்தனாரி சார் என்று ஒரு பேராசிரியர். அவர் ஒரு பெரிய மிஷின் கட்டிக்கொண்டிருந்தார். பெரியது என்றால் ஒரே பெட்டி இல்லை. முப்பத்திரண்டு சாதாரணக் கம்ப்யூட்டர்களை இரும்புச் சட்டத்தில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒயரால் சேர்த்து, ஒரே கணக்கை எல்லாமாகப் பங்குபோட்டுச் செய்ய வைப்பது. என்ன கணக்கு என்று கேட்டேன். அம்சவேணி அடுப்படியில் உட்கார்ந்து விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள்.

“நம்ம மலையில மழை பேஞ்சா அய்யாத்துல எவ்வளவு வெள்ளம் எறங்கும்ங்கற கணக்கு அத்தை. மலைய முப்பத்திரண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு துண்டு. நம்ம ஆலத்தூர் நாடு பதினோராவது பெட்டியில இருக்கு.”

“பெட்டிக்குள்ளயா?”

“கணக்குல அத்தை. பதினோராவது பெட்டி தன் துண்டுல எவ்வளவு தண்ணி சேந்துச்சுன்னு பாத்துட்டு, எல்லையத் தாண்டிப் போறத பன்னண்டாவது பெட்டிகிட்ட சொல்லோணும். அது சொன்னாத்தான் இது கணக்குப் போட முடியும்.”

எனக்குப் புரிந்தது. மேல் வயல்காரன் மடையைத் திறக்காமல் கீழ் வயல்காரன் மண்வெட்டியைத் தூக்கி என்ன செய்ய? ஒருத்தன் தாமதித்தால் அவனுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் கரையில் நிற்க வேண்டியதுதான்.

“அதேதான் அத்தை” என்றாள். “பெட்டி எவ்வளவு வேகமா இருந்தாலும் பிரயோசனமில்ல. பேச்சு போற வழி வேகமா இருக்கோணும்னு சார் சொல்லுவாரு. அந்த வழிதான் அந்த மிசினுக்கு உசுரு.”

அந்த வழிதான் ஆரஞ்சு ஒயர். உள்ளே செம்பு கிடையாது, தலைமுடி போலக் கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடும், வெளிச்சத்தில் பேச்சு ஓடும். எல்லா ஒயரும் நடுவில் இருக்கும் ஒரு பெட்டிக்குப் போய், அங்கிருந்து யாருக்கு யார் பேச வேண்டுமோ அங்கே பிரியும். ஒயர் சரியாக இருந்தால் நடுப்பெட்டியில் அதற்கு நேரே பச்சை விளக்கு நிற்கும். இந்த ஒயரை நவ்ஷாத் மெட்ராஸில் சொல்லிவைத்து வரவழைத்துக் கொடுத்தான். பிரிக்கும்போதே ஒரு ஒயரின் முனை உடைந்துவிட்டது. குப்பையில் போடச் சொன்னார் சார். “பாப்பாவுக்கு வெளையாட எடுத்துக்கறேனுங்க” என்று கேட்டு வாங்கி வந்தாள். பாப்பாத்தி பார்த்த கொடி அதுதான்.

இரண்டாயிரத்து மூன்று, தைப் பொங்கல் முடிந்து பத்து நாள். டெல்லியிலிருந்து மூன்று பேர் மிஷினைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல். அவர்கள் சரி என்றால் மிஷின் நிலைக்கும், சாருக்கு மரியாதை. அம்சவேணிக்கும் சித்திரையிலிருந்து வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வருவதற்கு முந்தின நாள் சார் அறைக்குள் வந்து பார்த்தார். மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பின்பக்கம் ஆரஞ்சு ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

“என்ன இது, நூடுல்ஸ் கடையாட்டம்? நாளைக்கு வர்றவங்க மொதல்ல பின்பக்கம்தான் போய்ப் பார்ப்பாங்க. ஒழுங்காக் கட்டி விடும்மா” என்றார்.

கட்டச் சொன்னது யாரிடம்? பைல் நாட்டுக்காரியிடம்.

ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து, நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரைக் கழியாகச் செருகித் திருகினாள். சட்டத்தின் மூலையில் ஒயர்கள் மடங்கித் திரும்பும் இடத்தில் இன்னும் அழுத்தமாக ஒரு கட்டு. கயிறு தெரிந்தால் அசிங்கம் என்று மேலே கறுப்பு டேப் சுற்றினாள். சார் வந்து பார்த்து, “அம்சவேணி, இது பெல்ட் போட்ட மாதிரி இருக்கு” என்று பாராட்டினார். அவளுக்குப் பூரிப்பு.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். சார் கணக்கை ஓட்டினார். அரை மணியில் முடிய வேண்டிய கணக்கு. ஐந்து நிமிஷம் ஓடியது, பிறகு நொண்டியது. நடுப்பெட்டியில் ஒன்பதிலிருந்து பதினாலு வரைக்கும் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அந்த ஆறு பெட்டிகள் சொல்வது பாதியில் தொலைந்து, திரும்பச் சொல்லி, மறுபடி தொலைந்து, மற்ற இருபத்தாறும் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றன. ஒரு மணி நேரம் ஆனது. சாரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதை அம்சவேணி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், “பரவாயில்லை, வேறொரு நாள் பார்ப்போம்” என்று மரியாதையாகச் சொன்னார். கணக்கு முடிவதற்குள் அவர்கள் கார் ஏறிவிட்டார்கள்.

அடுத்த நாள் மெட்ராஸிலிருந்து ஓர் ஆள் மீட்டரோடு வந்தான். நடுப்பெட்டி நல்லது, கம்ப்யூட்டர் நல்லது, ஆறு ஒயரில் வெளிச்சம் பாதிகூட வந்து சேரவில்லை என்றான். ஒயரைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. கறுப்பு டேப்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு ஏன் தோன்றப் போகிறது? “மட்டமான சரக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்தான்.

சரக்குக் கொடுத்தது நவ்ஷாத். போலி ஒயரை நல்ல ஒயர் என்று தள்ளிவிட்டான் என்று காலேஜில் முடிவாகிவிட்டது. அறையைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தாளாளர் முன்னால் திறப்பது, நவ்ஷாத்தை நிற்கவைத்து ஒயரையெல்லாம் பிடுங்கிப் போடுவது, அப்படியே போலீஸில் எழுதிக் கொடுப்பது என்று ஏற்பாடு. லேப் ஆட்களை வியாழக்கிழமை வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அம்சவேணி வீட்டுக்கு வந்தாள். சாப்பிடவில்லை. ராதிகா மடியில் ஏறினால்கூட எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஹாஜிரா பீவி வந்தார். வழக்கமாக அந்த அம்மா வந்ததும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். கடித்துவிட்டு, “போன வருசம் காரம் சாஸ்தி” என்பார், ஒவ்வொரு வருஷமும். அன்றைக்கு மூட்டை பக்கத்தில் உட்கார்ந்தார், கையை விடவில்லை.

“ஏம்மா, கடிச்சுப் பாக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“எதைக் கடிச்சு என்னத்தம்மா பாக்கறது? எம் மவனைக் களவாணின்றாங்க.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “இருவது வருசம் இந்த மலையில மிளகு எடுத்தேன். ஒரு பப்பாளி விதை கலந்திருப்பமா? அவுங்க அத்தா போனப்பறம் அந்தப் புள்ள ஒழைச்சு வச்ச கடை. செவ்வாக்கெழம போலீசுல குடுக்கப் போறாங்களாம். ஊட்ல சோறு திங்க மாட்டேங்குது. ‘எனக்கே தெரியலம்மா, மெட்ராசுக்காரன் என்னை ஏமாத்திட்டானோ என்னமோ’ன்னு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு.”

அம்சவேணி வாசல் ஓரமாக நின்றிருந்தாள். அந்த அம்மா திரும்பினார்.

“நீ அங்கதான கண்ணு இருக்கே. அவன் அப்படிப்பட்ட புள்ள இல்லேன்னு அந்த வாத்தியாரய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”

“சொல்றேனுங்கம்மா” என்றாள். அப்போது அவளுக்கும் ஒன்றும் தெரியாது. அவளும் ஒயரை அனுப்பிய மெட்ராஸ்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை பகலில். வீட்டுக்குப் பின்னால் விறகு கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். கயிறு கிறீச்சென்றது. கடைசித் திருகு திருகப் போனவள் அப்படியே நின்றாள். முழங்கால் கட்டின் மேல், கை கழியின் மேல். நான் சுளுக்கிக்கொண்டதோ என்று பயந்துவிட்டேன்.

“என்ன புள்ள?”

கழியை விட்டாள். கயிறு விர்ரென்று தளர்ந்தது, விறகெல்லாம் சரிந்தது. எழுந்து ஓடிப் போய்க் கொடியிலிருந்து ராதிகாவின் பாவாடையை உருவி எறிந்துவிட்டு அந்த ஆரஞ்சு ஒயரை அவிழ்த்தாள்.

“ராதிகா, உங்கப்பா டார்ச் லைட்ட எடுத்துட்டு வா.”

வீட்டுக்குள் கதவைச் சாத்தினால் பகலிலும் இருட்டு. ஒயரின் ஒரு முனையை டார்ச்சின் கண்ணாடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை ராதிகா கையில் கொடுத்தாள்.

“வெளிச்சம் தெரியுதா கண்ணு?”

“தெரியுதும்மா. மின்மினிப் பூச்சியாட்டம்.”

“அத்தை, இந்த டார்ச்ச இப்படியே புடிங்க.” நான் பிடித்தேன். அவள் ஒயரின் நடுப்பகுதியை மடக்கி, ஒரு விறகுத் துண்டின் மூலையில் வைத்து, கயிறு சுற்றி, கழி செருகி, மெதுவாகத் திருகினாள்.

“இப்ப?”

“கொஞ்சூண்டு.”

கயிறு கிறீச்சென்றது. கடைசித் திருகு.

“இப்ப?”

“போயிருச்சும்மா.”

கழியை விட்டாள். “வந்துருச்சு! வந்துருச்சு!” என்று ராதிகா குதித்தாள். “இன்னொருக்கா பண்ணும்மா!”

அம்சவேணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தானுங்க அத்தை” என்றாள். பெண் பார்க்கப் போன அன்று சொன்ன அதே வார்த்தை. “அந்தப் புள்ள சரக்கு நல்ல சரக்கு. நான்தான் கழுத்தை நெரிச்சுட்டேன். மூலையில ஆறு ஒயரு. ஒம்பதுலருந்து பதினாலு.”

பிறகு நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாப்பாத்தியின் வாயை அடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு என் வாயை மறைக்க முடியாது. “டார்ச்ச என்கிட்ட குடு. ஒயரச் சுருட்டு. நீ எதையும் பாக்கல” என்றேன். “செவ்வாக்கெழம அத்தனையும் பிடுங்கிப் போட்டுருவாங்க. உன் கட்டு இருந்த எடமே தெரியாது.”

“அதுதானுங்க அத்தை பயமா இருக்கு. பிடுங்கிப் போட்டுட்டா அப்பறம் நான் சொன்னாலும் ஆரு நம்புவா? பிடுங்கறதுக்கு முன்னாடி அவங்க கண்ணெதுக்க அந்தக் கட்ட அறுக்கோணும். அறுத்தா பச்சை லைட்டு வரோணும்.”

“வராட்டி?”

“உள்ள கண்ணாடி ஒடிஞ்சிருந்தா வராது” என்றாள். “அப்ப அவனும் தப்பிக்க மாட்டான், நானும் மாட்டிக்குவேன்.”

அவள் சமைக்கப் போனதும் அந்த ஒயரை எடுத்துச் சாமைக் குதிருக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டுப் புதைத்தேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் போகமாட்டாள் என்று நினைத்தேன். அவள் வேலை போய்விடும், பேத்தி படிப்பு என்ன ஆகும் என்பதுதான் அப்போது என் புத்திக்குப் பட்டது.

திங்கள்கிழமை தமிழ்செல்வன் மரவள்ளி லோடு இறக்கிவிட்டு வந்தான். அவனிடம் அவளே சொன்னாள். அவன் அமைதியாகத்தான் கேட்டான். கேட்டு முடித்து, “கூப்புட்டாங்களா உன்னை?” என்றான்.

“இல்லீங்க.”

“கூப்புடாத எடத்துல போயி, நான்தான் கெடுத்தேன்னு சொல்லப் போறியா? சித்திரையில பர்மனென்ட்டு. மறந்துட்டியா?”

“மறக்கலீங்க.”

“நாளைக்கு அவன் மேல குடுக்கற கேசை உன் மேல குடுப்பாங்க. காலேஜ் ஒயரு நம்ம ஊட்ல வேற கெடக்கு. திருட்டும் சேந்துக்கும். அந்தப் பையனுக்காக ஏன் நீ இவ்வளவு துடிக்கறேன்னு ஊரு கேக்கும். நான் என்ன சொல்றது?”

“என் கட்டுன்னு சொல்லுங்க.”

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “போனீன்னா இந்த வாசல்ல திரும்பக் கால் வெக்காத” என்றான். கோபத்தில் சொன்னது என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னது சொன்னதுதான், ராதிகாவும் கேட்டாள். ஊரார் கேட்டதும் அந்த ஒரு வாக்கியம்தான். பக்கத்து வீட்டுச் சுவரில் காது இருந்தால் பாதி வாக்கியம்தான் கேட்கும். மீதியை வாய் சேர்த்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை. முதல் பஸ் எங்கள் வளைவுக்கு வரும்போது ஹாரன் அடிக்கும். அடித்த பிறகு ஐந்து நிமிஷம், அதற்குள் சாலைக்கு ஏறவேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேரும்போது மணி பத்தரை ஆகிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பார்கள்.

அம்சவேணி வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்து தலை வாரிக்கொண்டாள். காலேஜுக்குப் போகும் நீலச் சேலையைக் கட்டினாள். பிறகு ஒயரைத் தேடினாள். கொடிக் கம்பத்தில் பார்த்தாள், அடுப்பு மேட்டில் பார்த்தாள், துணி மூட்டையைக் கொட்டிப் பார்த்தாள். தமிழ்செல்வன் கதவுக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“தேடு, தேடு. அது இல்லாம போயி வாயால சொல்லு. நம்பட்டும்” என்றான். ஒளித்தது அவன் இல்லை. அவனுக்கும் அது எங்கே என்று தெரியாது.

நான் குதிர் பக்கத்தில் நின்றேன். அவள் தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகம் சொல்லியிருக்கும்.

“அத்தை, என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே. வாசல்ல கெடந்த கட்ட ஆட்டிப் பாத்தீங்களாம், எங்கம்மா சொல்லும். அது தளந்து கெடந்திருந்து, ஆரு கட்டுனதுன்னு நீங்க கேட்டு, நான் பேசாம உள்ளயே உக்காந்திருந்தா, என்னைக் கூட்டிட்டு வந்திருப்பீங்களா?”

மேலே வளைவில் ஹாரன் அடித்தது.

எனக்கு ஹாஜிரா பீவி கடிக்காமல் விட்ட மிளகு ஞாபகம் வந்தது. இருபது வருஷத்தில் அந்த அம்மா எங்கள் மூட்டையில் கையை விடாமல் போனது அந்த ஒரு நாள்தான். கடித்துப் பார்ப்பது நம்பாததால் இல்லை. எடுத்த சரக்குக்கு நான் பொறுப்பு என்று சொல்கிற முறை அது. அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பொறுப்பேற்கவே தெம்பில்லை.

குதிருக்குள் கையை விட்டேன். சாமை பொலபொலவென்று தரையில் கொட்டியது. ஒயரை இழுத்து உதறி அவள் கையில் கொடுத்தேன். டார்ச்சையும் கொடுத்தேன்.

“அம்மா!” என்றான் என் மகன்.

“கால மடக்குடா” என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். நான் நகரவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் காலை மடக்கினான்.

அவள் டார்ச்சைத் துணிப்பைக்குள் போட்டாள். தூங்கிக்கொண்டிருந்த ராதிகாவின் நெற்றியைத் தொட்டாள். ஒயரை அதே பைக்குள் திணிக்கப் போனாள், நிறுத்தினாள். பெரிய பெரிய வளையமாக, ஒன்றின் மேல் ஒன்று அழுந்தாமல் சுற்றி, தோளில் மாட்டிக்கொண்டாள். சுற்றிய கை, பழக்கத்தில், முடிச்சுப் போட ஒரு கயிற்றுத் துண்டைத் தேடிப் போனது. பிறகு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

“போயிட்டு வாரேனுங்க அத்தை” என்றாள். பிறகு அவனிடமும், கதவைத் தாண்டும்போது, “வாரேனுங்க” என்றாள்.

சாலைக்கு ஏறும் மேட்டில் அவள் ஓடினாள். தோளில் அந்த ஆரஞ்சு வளையங்கள் தளர்ந்து ஆடிக்கொண்டே போயின. அவள் இந்த வீட்டிலிருந்து கட்டாமல் எடுத்துக்கொண்டு போன பொருள் அது ஒன்றுதான்.